ஓமலூர்ச் சந்தையில் வாங்கிய கஜலட்சுமிப் பலகை

நான் குடியிருந்தது என் தந்தையார் கட்டிவைத்த வீடு. சங்ககிரிக்கு வடக்கே, ஓமலூர் போகும் வண்டித்தடத்தை ஒட்டி, நாட்டு ஓடு வேய்ந்து சுண்ணாம்பு பூசிய வீடு. மழைக்கு ஒழுகியதில்லை, வெயிலுக்கு வெந்ததில்லை. குறை வீட்டில் இல்லை, என் கண்ணில்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் எனக்கு எழுத்துக்கூட்டும் அளவுக்கே வாய்த்தது. மிச்சத்தை நானே படித்துக்கொண்டேன். அந்தப் பெருமிதத்தோடு கடலைக்காய் விற்க ஒருமுறை சேலம் போயிருந்தபோது, மண்டிக்கார வணிகர் ஒருவர் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசற்கதவில் பித்தளைத் தாமரைகள். கைப்பிடிக்குச் சிங்கத்தின் வாயில் தொங்கும் வளையம். சாளரத்தில் சிவப்பும் நீலமுமாய்க் கண்ணாடி. எல்லாம் பழையவை என்றும், புதிதாய்ச் செய்தால் அந்தக் களை வராது என்றும் அவர் சொன்னார். ஊர் திரும்பிய பின் என் வீடு கம்மல் இல்லாத முகம் போல் எனக்குத் தெரியலாயிற்று.

அது முதல் கடலைக்காய் அறுவடை ஒவ்வொன்றும் முடிந்தபின் ஏதேனும் ஒரு பழம்பொருள் வீட்டுக்கு வந்தது. முதலில் சிங்கமுக வளையம். பிறகு, சட்டையைத் தொங்கவிடத் துதிக்கை வடிவில் கடைந்த மர முளை. பிறகு, கதவுக்குத் தாமரைக் குமிழ்கள். அவற்றைப் புளிபோட்டுத் துலக்கும் வேலை என் மனைவியின் தலையில் விழுந்தது.

"ஏனுங்க, பருத்திக்கொட்டை வாங்கியாறேன்னு போயிட்டுப் பொம்மை வாங்கிட்டு வாரீங்க. மாடு இதையா திங்கும்?" என்பாள்.

"வீடுன்னா ஒரு லட்சணம் வேணும்," என்பேன் நான்.

"லட்சணத்துக்கு என்னைக் கட்டிக்கிட்டது பத்தாதுங்களாக்கும்!" என்று சிரித்துவிட்டுத் துலக்கப் போவாள்.

அக்காலத்தில் காவிரியில் மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. நீர் நிற்கப்போகும் இடத்திலிருந்த ஊர்களை எல்லாம் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பிரித்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் விளக்குகளும் வண்டி வண்டியாய் ஓமலூர்ச் சந்தைக்கு வந்து குவிந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர்களின் முகங்களை நான் பார்த்ததாக நினைவில்லை. பொருள்களைத்தான் பார்த்தேன். எனக்கு அது திருவிழாக் காலமாக இருந்தது.

காலியான ஊர்களில் என் மனைவி பிறந்த ஊரும் ஒன்று. அவளுடைய அண்ணன் அங்கே பெரிய குடும்பத்தோடு இருந்தார். தானியமும் தட்டுமுட்டும் போய்ச் சேர்ந்துவிட்டன என்றும், மரச்சாமான்களை ஏற்ற ஒரு நடைக்கு வண்டி அனுப்பவேண்டும் என்றும் ஆள் அனுப்பியிருந்தார். உறவில் ஒரு குடும்பம் இடம்பெயர்ந்தால் மாப்பிள்ளை வீட்டு வண்டி முதலில் போய் நிற்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. ஆனால் வண்டி அங்கே போய்த் திரும்புவதற்குள் ஓமலூர்ச் சந்தை முடிந்துவிடும். வாசல் நிலைக்கு மேலே வைக்கத்தக்க சித்திரப்பலகை ஒன்றை எப்படியாவது தேடிப்பிடித்து அந்தச் சந்தைக்குக் கொண்டுவருவதாகப் பழம்பொருள் வியாபாரி எனக்குச் சொல்லி வைத்திருந்தார்.

"மாட்டுக்குக் கால் நொண்டுதுன்னு மச்சாங்கிட்டச் சொல்லு," என்று ஆளை அனுப்பிவிட்டேன். மாடுகள் அப்போது அவன் கண்ணெதிரிலேயே கட்டுத்தறியில் நின்று சோளத்தட்டு தின்றுகொண்டிருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "ஆகட்டுங்க," என்று போய்விட்டான்.

சந்தையில் வியாபாரி சொன்னபடியே பலகையை வைத்திருந்தார். நடுவில் தாமரைமேல் லட்சுமி. இருபுறமும் நீர் சொரியும் யானைகள். எண்ணெய் தடவிக் கறுப்பு மின்ன நிறுத்தியிருந்தார்.

"எந்த ஊருதுங்க?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"ஊரே தண்ணிக்குள்ள போகுதுங்க. பேரைத் தெரிஞ்சு என்ன பண்றீங்க சாமி? ஊரான் எவனோ ஏத்த வண்டியில்லைன்னு எங்கிட்டத் தள்ளிட்டான். உங்களுக்கு அதிர்ஷ்டமுங்க!" என்றார்.

நான் வண்டியில் வைக்கோல் பரப்பிப் பலகையைக் குழந்தையைப் போல் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன்.

தச்சர் பலகையை நிலைக்கு மேலே பதித்துச் சுண்ணாம்பு பூசி முடித்ததும், மனைவி மஞ்சள் குங்குமம் வைக்கக் கிண்ணத்தோடு வந்தாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

"ஏனுங்க, இது எங்கூட்டுப் பலகைங்க."

"எல்லா ஊட்டுலயும் இதே லட்சுமிதான் இருக்கும்," என்றேன்.

"லட்சுமி இருக்கும். கொம்பு ஒடஞ்ச யானை இருக்குங்களா? அண்ணன் சிறுசுல உண்டிவில்லுல அடிச்சு ஒடச்சுது. எங்கப்பன் புளியவிளாரை எடுத்துக்கிட்டு ஊரைச் சுத்தித் தொரத்துனாரு."

வலப்புறத்து யானைக்கு ஒரு தந்தம் இல்லை. நான் நிலைகுலைந்து போனேன். மாமனார் வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். தாழ்ந்த வாசல், செம்பில் தண்ணீரோடு எதிர்கொண்டு நிற்பார்கள், மாப்பிள்ளைக்குரிய மரியாதைகளை ஏற்றுக்கொண்டபடி குனிந்து நுழைவேன். தலைக்கு மேலே என்ன இருந்தது என்று ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பழம்பொருளின் அருமை அறிந்தவன் என்று என்னைப் பற்றி நானே எண்ணியிருந்தேன்.

அப்போதே கழற்றச் சொல்லியிருக்கலாம். சுண்ணாம்பு ஈரம் காயவில்லை. தச்சரும் கீழே நின்றிருந்தார். நானோ, "நல்லதாப் போச்சு. உன் பொறந்த ஊட்டுப் பொருள் உன்ற ஊட்டுக்கே வந்துருச்சு," என்றேன்.

"வந்துருச்சுங்க," என்றாள் அவள். "வண்டிதான் போகலீங்க."

அதற்குப் பிறகு எங்களிடையே அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் எங்கள் இளைய மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தபோது, மனைவியின் மனத்தில் ஒரே கவலை இருந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும். அண்ணன் வருவாரா? வந்தாலும், பலகையைப் பார்த்தபின் எங்கள் வாசலைத் தாண்டுவாரா? பிறந்த ஊர் போன பிறகு, அவளுக்குப் பிறந்த வீடு என்று எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. நானே போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேன். "வாரேனுங்க," என்றார்.

காதுகுத்தன்று விடியுமுன் எழுந்து மாவிலைத் தோரணத்தை நானே கட்டினேன். பலகை முழுவதும் மறையும்படி, ஒன்றன்மேல் ஒன்றாய் அடர்த்தியாய்க் கட்டினேன். பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "மாமரத்துல இலை மிச்சம் வெச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மச்சான் சீர்த்தட்டோடு வந்தார். தோள்கள் இளைத்திருந்தன. தோரணத்துக்குக் குனிந்து உள்ளே போனார். எனக்கு மூச்சு வந்தது. மகளை மடியில் வைத்துக்கொண்டார். ஊசி இறங்கியதும் அவள் வீறிட்டு அழுதாள். தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, காக்கையைக் காட்டினார், கன்றுக்குட்டியைக் காட்டினார், அழுகை நிற்கவில்லை. அவள் கையை நீட்டித் தோரணத்தைப் பற்றி இழுத்தாள். இலைகள் சரிந்தன.

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். விரலால் யானையைத் தொட்டார்.

"அழுவாத சாமி. இந்த யானைக்குக் கொம்பை ஒடச்சது ஆரு தெரியுமா? உன்ற மாமந்தான். அப்பவும் இப்பிடித்தான், நான் அழுதேன்."

குழந்தை விம்மலை நிறுத்தி யானையைப் பார்த்தது. நான் அருகே போய், "மச்சான், இன்னைக்கே கழட்டி அனுப்பீர்றேன். வண்டி கட்டச் சொல்றேன்," என்றேன்.

"கழட்டி எங்கீங்க மாப்ள வெக்கறது? நாங்க இருக்கறது ஓலைக் கொட்டாயி. கதவுக்கே தட்டிதானுங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "வண்டியும் இப்ப வேண்டாமுங்க. ஏத்தறதுக்கு ஒண்ணுமில்லீங்களே."

அவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். தங்கையிடம் சிரித்துப் பேசினார். பொழுதிருக்கப் புறப்பட்டுப் போனார். வைதிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

அதன்பின் வந்த அறுவடைகளில் நான் எந்தப் பழம்பொருளும் வாங்கவில்லை. இருந்தவற்றைக் கழற்றவும் இல்லை. வீட்டுக்கு வருபவர்கள் அனைவரும் வாசலில் நின்று அண்ணாந்து, பலகையைப் புகழ்ந்து, எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். நான் வாய் திறப்பதற்குள் உள்ளிருந்து மனைவியின் குரல் வரும்: "எங்கண்ணன் சீரா குடுத்ததுங்க."

அண்ணனின் மானத்துக்காகச் சொன்னாளா, என் மானத்துக்காகச் சொன்னாளா என்று நான் அவளைக் கேட்கவில்லை. வந்தவர்கள், "நல்ல மச்சான் வாய்ச்சிருக்காருங்க உங்களுக்கு," என்பார்கள். நான் ஆமாம் என்று தலையசைத்து, அவர்களை உள்ளே வரச்சொல்வேன்.