ஆயர் என்று எழுதியிருந்த முத்திரை

1. முக்காடு

கண்காட்சி திறக்கப் பத்து நாள் இருந்தபோது, அதன் போஸ்டரில் ஆயராக, அதாவது பிஷப்பாக, இருந்தவர் ஒரு பெண் என்பதைக் கண்டேன்.

அப்போது நான் சிட்னியில் ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ரெஜிஸ்ட்ரார் பிரிவில் வேலை செய்தேன். ஒவ்வொரு பொருளும் என்ன, எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று பதிந்து வைப்பதுதான் எங்கள் வேலை. மன்னாரிலிருந்து வந்து பல வேலைகள் பார்த்து, நாற்பத்தெட்டு வயதில் எனக்குக் கிடைத்த ஆறு மாத ஒப்பந்தம் அது. முடிய மூன்று வாரம் இருந்தது.

காட்சிக்கு வைக்குமுன் எந்தப் பொருளுக்கும் கண்டிஷன் ரிப்போர்ட் எழுத வேண்டும். டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெடிப்புகள் நிழலாகத் தெரியும். அன்று கையில் இருந்தது ஒரு முத்திரையின் பிளாஸ்டர் அச்சு. உள்ளங்கை அளவு, இரு முனையும் கூர்ந்த பாதாம்பருப்பு வடிவம். பழைய அட்டையில் ‘ஆயரின் முத்திரை, ஜேர்மனி’ என்று இருந்தது. ஒருவர் வலக்கையில் நுனி வளைந்த செங்கோலும் இடக்கையில் புத்தகமுமாக உட்கார்ந்திருந்தார்.

நான் வெடிப்பைத்தான் தேடினேன். வெளிச்சம் தலையில் பட்டபோது ஆயர்கள் அணியும் கூர்முடி அங்கே இல்லை. இரு பக்கமும் தோள்வரை துணிமடிப்பு இறங்கியது. முக்காடு.

என் மேலாளர் சுதாவைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூர்க்காரி. என்னைவிட வயதில் இளையவர்.

“இது ஆயர் இல்லை சுதா. பொம்பிளை. முக்காடு தெரியுது பாருங்கோ.”

அவர் குனிந்து பார்த்தார். “ஆமா. ஆனா ஸ்டூவர்ட் பார்த்து ஓகே பண்ணின பீஸ். போஸ்டரே அடிச்சாச்சு. உங்க கான்ட்ராக்ட் வேற ரினியூவலுக்கு நிக்குது. இப்ப இது தேவையா?”

“ரிப்போர்ட்டில நான் என்னத்தை எழுதுறது? காணாத மாதிரி எழுதேலாது.”

சுதா அச்சை இன்னொரு தரம் பார்த்தார். “எழுதுங்க. அவருக்கு மெயில் போடுறப்ப என்னையும் சிசி பண்ணுங்க.”

2. ஸ்டூவர்ட் இறங்கி வந்தார்

ஸ்டூவர்ட்தான் அந்தக் கண்காட்சியை அமைத்த க்யூரேட்டர். மத்தியகால ஜேர்மனியில் நாடாண்ட ஆயர்களைப் பற்றிய காட்சி அது. மறுநாள் காலை அடித்தளத்தில் இருந்த எங்கள் ஸ்டோருக்கு அவரே வந்தார். முகம் சிவந்திருந்தது.

“இருபது வருடமாக இதைப் படிப்பிக்கிறேன். கையில் செங்கோல் இருக்கிறது. செங்கோல் ஆயருக்கு உரியது” என்றார் ஆங்கிலத்தில்.

மேல் விளக்கை அணைத்துவிட்டு டோர்ச்சை அவர் கையில் கொடுத்தேன். விளிம்பில் தேய்ந்துபோன லத்தீன் எழுத்துகளில் கடைசிச் சில மட்டும் மிஞ்சியிருந்தன. அவை ‘திஸ்ஸா’ என்று முடிந்தன. அகராதியில் முதல்நாளே தேடியிருந்தேன். அவரே வாசித்தார்.

“அப்பாதிஸ்ஸா” என்றார். மடத்துத் தலைவி. டோர்ச்சை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நன்றி என்று ஒரு சொல் இல்லை.

ஆனால் அன்றே ஜேர்மனியில் உள்ள ஓர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதினார். நான்காம் நாள், அதே முத்திரையின் தெளிவான படமும் அந்த மடத்தைப் பற்றிய சில பக்கங்களும் வந்தன. எங்களுக்கும் அனுப்பினார்.

கணவனை இழந்த ஓர் அரசி தொடங்கிய மடம் அது. அரசர்களின் மகள்களும் சகோதரிகளும் அதற்குத் தலைவிகளாக இருந்தார்கள். அந்த ஊர் ஆயருக்கு அவர்கள் கட்டுப்படவில்லை. பாப்பரசருக்கு மட்டுமே பதில் சொன்னார்கள். சொந்தமாக நாணயம் அடித்தார்கள். பேரரசின் சபையில் அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. மடத்தில் சேர உயர்குடியில் பிறந்திருக்க வேண்டும். நகரத்து மக்கள் ஒருமுறை தங்களைத் தாங்களே ஆளப் பார்த்தபோது, அப்போதைய தலைவி தன் சகோதரர்களின் படையை வரவழைத்து அடக்கினார். பெண் ஆண்டதால் ஆட்சி மென்மையாக இருந்தது என்று சொல்ல அந்தப் பக்கங்களில் ஒன்றும் இல்லை.

போஸ்டரை மாற்றினார்கள். வாசலில் தொங்கிய பெரிய பதாகையை மாற்ற நேரமில்லை. அதில் அந்த முத்திரைத் தலைவி ஆயராகவே இருந்தார்.

3. என் அறுபது சொற்கள்

திறப்புக்கு முன் ஸ்டூவர்ட் ஒரு வரி மெயில் அனுப்பினார்: அந்த லேபிளை நீங்களே எழுதுங்கள், அறுபது சொல்.

எங்கள் பிரிவில் யாரும் லேபிள் எழுதியதில்லை. சிட்னிப் புறநகரான டூங்கபியில், வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். ‘நாடாண்ட கன்னியாஸ்திரிகளின் தலைவி’ என்று தொடங்கினேன். ஸ்டூவர்ட் கையெழுத்துப் போட்டார். கோப்பிலும் அப்படியே பதிந்தேன். பெருமையாக இருந்தது.

திறந்து மூன்றாம் நாள் சிஸ்டர் ரோசலின் வந்தார். யாழ்ப்பாணத்தவர், என் வயது, ஞாயிறு பூசையில் காண்கிறவர். லேபிளை இரண்டு தரம் வாசித்தார்.

“இது ஆர் எழுதினது?”

“நான்தான் சிஸ்டர்.”

“வடிவா எழுதியிருக்கிறீர். ஆனா பிழை. இவை கன்னியாஸ்திரியள் இல்லை. நாங்கள் சாகுமட்டும் எண்டு வார்த்தைப்பாடு குடுத்தனாங்கள். இவை குடுக்கேல்லை. தலைவியைத் தவிர மற்றவை விரும்பினா வெளியில போய்க் கலியாணம் கட்டலாம்.”

“மடத்தில இருந்தவைதானே சிஸ்டர்?”

“மடத்தில இருந்தா எல்லாரும் கன்னியாஸ்திரியோ? நீரும் மடத்து போர்டிங்கில இருந்து படிச்சனீர்தானே!”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே போய்க் காப்பகம் அனுப்பிய பக்கங்களைத் திரும்ப எடுத்தேன். இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. அந்த வரியை நான் வாசித்திருந்தேன். மடம் என்ற சொல்லைக் கண்டதும் எனக்குத் தெரிந்த மடத்தை அங்கே வைத்துவிட்டேன். செங்கோலைக் கண்டதும் ஸ்டூவர்ட் செய்ததும் அதுதான்.

வியாழக்கிழமை ரினியூவல் கூட்டம். அதுவரை பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. செவ்வாய் மத்தியானம் ஸ்டூவர்ட்டின் அறைக்குப் போனேன். குத்திக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தை வாங்கி வாசித்தார்.

“நானும் கையெழுத்துப் போட்டேனே” என்றார். பிறகு, “அன்றைக்கு டோர்ச்சுக்கு நான் நன்றி சொல்லவில்லை, இல்லையா?” என்று கேட்டார்.

புதன் காலை புது லேபிள் ஏறியது. கோப்பில் என் பிழையையும் பதிந்தேன்.

4. கூட்டத்துக்குப் பிறகு

வியாழன் மாலை சுதா வந்து என் மேசையில் சாய்ந்து நின்றார். “ஒரு வருஷம் குடுத்திருக்காங்க. ஸ்டூவர்ட்டைத் திருத்தினீங்களே, அதுக்காகன்னு நினைக்காதீங்க. அதுல பேனல்ல ஒருத்தருக்குக் கோபம்தான். உங்க தப்பை நீங்களே ஃபைல்ல எழுதி வெச்சீங்க பாருங்க, அதைத்தான் பேசினாங்க.”

பிறகு வேலை நிரந்தரமானது. போன வருடம் ஓய்வு பெற்றேன்.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு: பழைய பதிவை அழிக்காதீர்கள். வாசிக்கக்கூடியபடி ஒற்றைக் கோடு இழுத்து, கீழே புதியதை எழுதி, தேதியும் பெயரும் இடுங்கள். அந்த முத்திரையின் கோப்பில் ‘ஆயர்’ கோடிடப்பட்டிருக்கிறது. ‘கன்னியாஸ்திரிகளின் தலைவி’ கோடிடப்பட்டிருக்கிறது. அதன் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. மூன்றாவது வரி, ‘உயர்குடிப் பெண்கள் மடத்தின் தலைவி’. அதையும் நான்தான் எழுதினேன். அதற்குக் கீழே நாலு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.