இடப்பக்கத்து பிரேக்

வாணி டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, இடப்பக்கத்து பிரேக்கின் கேபிளை இறுக்கிக்கொண்டிருந்தாள். “போதும்மா, போதும். ரொம்ப இறுக்குனா கால் பட்டதுமே புடிச்சிரும். பிள்ளைங்க பயந்துருவாங்க லா,” என்றார் தம்புசாமி. அவள் வெளியே வந்ததும் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். பத்து மில்லிமீட்டர் தளர்வு. சரியாக இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை.

மலாக்காவில் முப்பத்தோரு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேலேயே இருந்து பழகிய வலது கால், வீட்டில் டிவியில் லாரி வேகமாக வந்தாலும் தரையை மிதிக்கும். அந்தக் காலின் செருப்புதான் முதலில் தேயும். உள்கண்ணாடியில் தே ஓ, பால் சேர்க்காத தேநீர், ஒரு பாக்கெட்டில் தொங்கும். அது சிந்தாமல் வளைந்து திரும்பினால்தான் அவரிடம் பாஸ்.

தஞ்சோங் கிளிங் பக்கம் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லம் ஒன்று. பதினெட்டு வயது நிறைந்த பிள்ளையை மரியாதையாகத்தான் வெளியே அனுப்புவார்கள். காலையில் ஒரு மாலை, நிர்வாகக் குழுவோடு ஒரு படம், கையில் துணிப்பை. பிறகு கேட். வெளியே ஒன்பது மணிக்குத் தம்புசாமியின் கார் நிற்கும். பதினேழிலேயே அந்தப் பிள்ளைக்குப் பயிற்சி உரிமம் எடுத்துக் கொடுத்திருப்பார். அறை பார்க்க, வங்கிக்கு, செங் தொழிற்பேட்டையில் வேலை கேட்க, பிள்ளைதான் ஓட்டவேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வேலையை விட்டு ஓடிவந்தால் திட்டாமல் மறுபடி கூட்டிப் போவார். குகன் என்ற பையனை ஒரே வருடத்தில் நாலு தொழிற்சாலைக்கு. “நாலாவதுல நிப்பான்லா,” என்றார். ஐந்தாவதில் நின்றான்.

வாணி கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியாளர். மூளையில் யோசித்து நிறுத்துகிற பகுதி முழுதாக வளர இருபத்தைந்து வயதாகும் என்று படித்துச் சொன்னாள். அப்பாவின் கால் தரையை அழுத்தியது.

“அப்போ பதினெட்டுலயே கேட்ட பூட்டுறவனுக்கு இன்னும் வளரலையா? உனக்கு இருபத்தாறு வரைக்கும் நாந்தானே சட்டை அயர்ன் பண்ணிக் கொடுத்தேன்?”

இதையே இல்லத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து வேறு மாதிரி கேட்டார். “மாலை போட்ட ஆட்டுக்கு அடுத்து என்னா நடக்கும்னு முனியாண்டி கோயிலுக்குப் போற உங்களுக்குத் தெரியாதா?”

செயலாளர் சிரித்தார். “நம்ம தம்புசாமி அண்ணன் நல்லா ஜோக் அடிப்பாரு. அண்ணனுக்கு ஒரு கறிபஃப் கொடுங்கப்பா.”

அப்பா அதைத் தொடவில்லை. அந்தச் சிரிப்பை வாணி மறக்கவும் இல்லை.

செவ்வாய் சாயங்காலம், செங் சிக்னலில் அப்பாவுக்கு மாரடைப்பு. ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கார் நிறுத்தக் கோட்டைத் தாண்டவில்லை. இடப்பக்கத்து பிரேக் முழுதாக அழுந்தியிருந்தது. புதன்கிழமை தகனம். செயலாளரும் ஒரு மாலையோடு வந்து போனார்.

வியாழன் பகல், காப்புறுதித் தாள்களைத் தேடிக் காரில் ஏறிய வாணி, முன்கண்ணாடி மேலிருந்த வெயில் தடுப்பை இறக்கினாள். ஒரு சீட்டு மடியில் விழுந்தது. அப்பாவின் கோணல் எழுத்து: ‘வியாழன் 9. சாந்தி. கேட்டுக்கு வெளியே.’

மணி பதினொன்றரை.

அவள் போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. வெளியே, நிழலில்லாத இடத்தில், சாந்தி துணிப்பையின்மேல் உட்கார்ந்திருந்தாள். கழுத்து மாலை வதங்கியிருந்தது. காரைக் கண்டதும் சிரித்துக்கொண்டே எழுந்தவள், ஓட்டிவந்தவளைப் பார்த்து நின்றாள்.

“அங்கிள் வரலையாக்கா? உள்ள உட்காரவான்னு செயலாளர்கிட்ட கேட்டேன். படம்லாம் எடுத்தாச்சு, இனிமே உள்ள விட ரூல்ஸ்ல இடமில்லன்னாரு. அங்கிள் வந்துருவாரு, வெயிட் பண்ணுன்னு சொன்னாரு.”

நேற்று அப்பாவின் உடலுக்கு மாலை போட்டுவிட்டுப் போனவர்.

வாணி இறங்கினாள். சாந்தியின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். கேட்டின் பூட்டில் மாட்டினாள்.