இலையில்லாமல் வந்த கிரெவில்லியா

எழுபதுகளின் நடுவில், சிட்னிக்குத் தெற்கே தண்ணீர்க்குழாய் போக இருந்த பாதையில் செடிகளைப் பட்டியலில் பதியும் வேலை கிடைத்தது. மூன்று மாதம் புரோபேஷன். தாவரவியல் படித்தவன் என்ற மிதப்பு எனக்கு. இங்குள்ள ஒரு புதரின் பெயரும் தெரியாது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நாளே அதிகாரி றொஸ், "அந்தச் சிவப்புப் பூப் புதரில ஸ்பெசிமன் எடுத்து வா" என்று அனுப்பினார். சிலந்திக்கால் மாதிரி வளைந்த பூக்கள். யாழ்ப்பாணத்தில் சாமிக்குப் பூப் பறித்துப் பழகிய கை. இலை ஒன்றுகூடப் படாமல், ஒரு முழுப் புதரையும் துப்புரவாகக் கிள்ளிப் பை நிறையக் கொண்டுவந்தேன். மோந்துகூடப் பார்க்கவில்லை!

றொஸ் பைக்குள் பார்த்தார். "இலை எங்கே?"

"இலையும் வேணுமோ?"

"இது கிரெவில்லியா. இங்க ரெண்டு வகை, பூ ஒரே மாதிரி. ஒண்டு காய்ஞ்ச பாறை மேட்டில, மற்றது ஈரத்தில. இலையாலதான் பிரிக்கலாம். சரி, எங்க நிண்டது?"

"காட்டில," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு லிஸ்ட் போகவேணும். பின்னேரத்துக்குள்ள பெயரும், எந்த மண்ணில வளருது எண்ட ஹாபிட்டாட்டும் வராட்டி, உனக்கு இந்த வேலை சரிவராது."

வான் ஓட்டும் மலேசியத் தமிழன் செல்வத்தோடு திரும்ப ஓடினேன். மேடெல்லாம் சிவப்பு. ஒரு புதரைக் காட்டி "இதுதான்" என்றேன். அடுத்ததையும். பத்தாவதையும்.

"எல்லாமே இதுதான்னா எப்படிண்ணே?"

"ஐசே, கொஞ்சம் பேசாமல் வாரும்."

மனதுக்குள் பெட்டி கட்டி, பிளேன் ஏறி, ஊரில் பலாலி விமான நிலையத்தில் இறங்கியும் விட்டேன்.

செல்வம் பாறையில் உட்கார்ந்தான். "பூவெல்லாம் நீங்கதானே பறிச்சீங்க? அப்புறம் ஏண்ணே பூ இருக்கிற செடியாப் பார்த்துத் தேடுறீங்க?"

அவனைக் கட்டிப்பிடிப்பதா, அடிப்பதா என்று குழம்பினேன்.

கீழே ஓடைக்கரை ஈரமணலில், பூத்த புதர்களுக்கு நடுவே மொட்டைத் தலையாக ஒன்று நின்றது. காலையிலிருந்தே என் சப்பாத்து ஈரம்தான். வியர்வை என்று நினைத்திருந்தேன். மேட்டில் பார்த்த பத்துக்கும் இலை குட்டை. இதற்கு நீளம். ஈரத்து வகை! ஒரு கிளையை இலையும் மிஞ்சிய மொட்டுமாக வெட்டினேன்.

லேபலில், "ஓடைக்கரை, ஈரமணல். மனிதரால் சேதமடைந்த செடி" என்று எழுதிக் கொடுத்தேன். றொஸ் வாசித்துவிட்டு, சேகரித்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் என் பெயரைத் தானே எழுதினார். "நாளைக்கு வரேக்க கத்தரிக்கோல் கொண்டு வா."

புதிதாக வருகிறவர்களே, பூவைத் தொடுமுன் உங்கள் காலடியைப் பாருங்கள். அங்கே என்ன மண் என்று எழுதிய பிறகு வெட்டுங்கள்.