அத்தையின் மஞ்சள் நீராட்டு ஆல்பம்

எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரிந்தவர்கள் யாருமே கிடையாது. தெரிந்திருந்தால் அந்த ஆல்பத்தை அவ்வளவு கேவலமாக எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் பழி என்னவோ என் தலையில்தான் விழுந்தது. அப்போது எனக்கு எட்டு வயது, மரக்காணத்தில் மூன்றாம் வகுப்பு. வருஷம் இரண்டாயிரத்தைந்து.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. லீவு நாளில் அப்பாவோடு உப்பளத்தில் கூடை சுமப்பாள். மற்ற நாளில் ஓடுவாள். எண்ணூறு மீட்டர் பந்தயத்தில் மற்ற பெண்கள் கடைசித் திருப்பத்தில் வரும்போது இவள் கோட்டைத் தாண்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். அதுதான் வினையாகப் போயிற்று. வேறொரு கல்லூரியின் பயிற்சியாளர், குரல் கட்டையாக இருக்கிறது, தோள் அகலமாக இருக்கிறது, இது பெண்ணே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த போட்டிக்குள் நிரூபிக்க வேண்டுமாம்.

ஒரு பெண்ணைப் பெண் என்று எதை வைத்து நிரூபிப்பது? அப்பாவுக்குத் தெரிந்த அத்தாட்சி ஒன்றுதான்: வயதுக்கு வந்ததும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மாலை போட்டு எடுக்கும் போட்டோ. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் காபிக்கு முன்னால் அந்த ஆல்பம்தான் வரும். அத்தைக்கு மட்டும் அந்த விழா நடக்கவில்லை. ஏன் என்று அம்மாவைக் கேட்டால், “அந்த வருஷம் நல்ல மழைடி, உப்பெல்லாம் கரைஞ்சிடுச்சு” என்பாள். உப்பு கரைந்தால் விழா கிடையாது, நியாயம்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து வருஷத்துக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய விழாவை நடத்திப் போட்டோ பிடிப்பது என்று முடிவாயிற்று.

“எனக்கு இதெல்லாம் வேணாம்ணா. ஓடிக் காட்டுறேன், அவ்ளோதான்” என்றாள் அத்தை.

“நீ ஓடிக் காட்டுனதாலதாம்மா இந்த வம்பே” என்றார் அப்பா.

உப்பளத்துப் பெண்கள் எல்லோரும் சீர்த்தட்டோடு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாமலா இருக்கும்? ஒருத்தி கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. பச்சை ஓலை கட்டி, பாட்டுப் பாடி, சும்மா சொல்லக் கூடாது, நிஜ விழாவை விட அமர்க்களமாகச் செய்தார்கள். நின்றால் உயரம் தெரியும் என்று அத்தையைக் கடைசி வரை உட்கார்த்தியே வைத்திருந்தார்கள். புதிதாக வாங்கிய டிவியைப் போர்வை போட்டு மூடினார்கள். அப்புறம் அப்பா என்னைப் பார்த்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் எனக்கு மூன்று வயது. “நீ போட்டோவுல வரவே கூடாது, போ அந்தாண்ட.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கிளிப்பச்சைப் பாவாடை, தலை நிறையப் பூ, இதெல்லாம் யாருக்காகவாம்? ஓலைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். ஆரத்தி எடுக்கும்போது மட்டும் தலையை நீட்டிப் பார்த்தேன். போட்டோக்காரர் சரியாக அப்போதுதான் அமுக்கினார்.

போட்டி நாளன்று அப்பா அம்மாவோடு நானும் அதே பாவாடையில் மைதானத்துக்குப் போனேன். வேறு நல்ல பாவாடை என்னிடம் ஏது? விசாரிக்க உட்கார்ந்திருந்த அதிகாரியம்மா ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏன் பாப்பா, அஞ்சு வருஷமா நீ வளரவே இல்லியா?”

“இல்லீங்க மேடம், போன ஞாயித்துக்கெழமைதான் எடுத்தாங்க. என்னைத்தான் வர வேணாம்னுட்டாங்க” என்று என் குறையைக் கொட்டினேன்.

அப்பா செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புகார் கொடுத்த பயிற்சியாளரும் சிரித்துவிட்டார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மா சொன்னார்: “போட்டோவெல்லாம் யாருங்க கேட்டது? இன்னிக்கு ஓடட்டும். முதல் மூணு இடத்துல வந்தா டாக்டர்கிட்ட அனுப்பிப் பாத்துக்கலாம்.”

பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளர்ந்த சிலருக்கு உடம்பின் உள்ளமைப்பு மட்டும் வேறு மாதிரி இருக்கும், அது அவர்கள் செய்த குற்றமில்லை என்பதை நான் பின்னால்தான் படித்தேன். அன்று அந்த மைதானத்தில் இதை அத்தைக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. அவள் குனிந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் சுற்றில் வழக்கம்போல முன்னால் போனாள். நான் கத்தின கத்தில் தொண்டை கட்டிவிட்டது. இரண்டாம் சுற்றில் ஒருத்தி அவளைத் தாண்டினாள். இன்னொருத்தி தாண்டினாள். கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது அத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், மூன்றாமவளும் தாண்டிப் போனாள். நான்காவதாக வருகிறவளை யாரும் டாக்டரிடம் அனுப்புவதில்லை. இது எனக்கு உறைக்கப் பத்து வருஷம் ஆயிற்று, உறைத்தபோது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அன்று எல்லோருக்கும் ஒரே குஷி. பயிற்சியாளர் வந்து அப்பாவின் கையைப் பிடித்து, “தப்பா எடுத்துக்காதீங்க, பொண்ணுதாங்க” என்றார். தங்கை தோற்றதற்கு அப்பா எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் அத்தை தோத்துட்டே?”

“கால் வலிடி.”

மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தை என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தாள். பிடித்துக்கோ என்றாள். உப்பளத்து வரப்பில் ஓட ஆரம்பித்தாள் பாருங்கள், அப்பாவும் அம்மாவும் புள்ளியாகிப் போனார்கள், என் தலையிலிருந்த பூவெல்லாம் பறந்து போயிற்று, சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு முட்டியது. வீட்டு வாசலில்தான் நின்றாள். அத்தைக்குக் கால்வலி அதற்குள் சரியாகிவிட்டதே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.