கிளம்பலாமா, ஹெஸ்டர்?

நம்பாவிட்டால் போங்கள். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். இன்றுவரை வண்டியில் ரேடியோ கரகரத்தால் உடனே அணைத்துவிடுகிறேன்.

எட்டாத தொலைவில், நடுவில் கருந்துளையை வைத்துக்கொண்டு கொதிக்கும் கேலக்ஸிகள் உண்டு. அவற்றின் எக்ஸ்ரே கதிர்கள் தரைக்கு வராது, காற்றே விழுங்கிவிடும். அதனால் தொலைநோக்கியை ராட்சத பலூனில் கட்டி, ஆஸ்திரேலியாவின் நடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து மேலே அனுப்புவோம். வேலை முடிந்ததும் பாராசூட்டில் பாலைவனத்தில் எங்கேயாவது விழும். எடுத்து வருவது என் வேலை. ராஸ்கோ சின்ன விமானத்தில் வட்டமடித்து வழி சொல்வான். தரையில் இருப்பவர் 'போ' என்று சொல்லும்வரை விமானி அந்த இடத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. அது எங்கள் வழக்கம்.

அன்று கூட வரவேண்டியவனுக்குக் காய்ச்சல். தனியாகப் போனேன். விழுந்த இடம் தோராயமாகத்தான் தெரியும். காற்று வேறு எழும்பிக்கொண்டிருந்தது. பாராசூட்டை அறுத்துவிடாவிட்டால் அது தொலைநோக்கியைத் தரையோடு இழுத்துப்போய் நொறுக்கிவிடும். நாங்கள் ஆராய்ந்த கேலக்ஸிகளின் பதிவு முழுதும் அதற்குள்தான் இருந்தது. ஆறு வருட உழைப்பு.

செம்மண். முள்புல். ஆள் அரவமே இல்லை. ரேடியோவும் மதியத்திலிருந்து ஊமை. மறைப்பானேன், அழுகை வந்துவிட்டது.

மூன்று மணிக்கு ரேடியோ கரகரத்தது.

"என்ன ஹெஸ்டர், ஆமைக்கு வழி விட்டுக்கிட்டு வர்றியா?"

போன உயிர் திரும்பியது. "எங்கடா தொலைஞ்ச?"

"உன் தலைக்கு மேலதான். இடது பக்கம் திரும்பு."

நிமிர்ந்தேன். வெள்ளை விமானம் வட்டமடித்தது.

சத்தம் இல்லை...

காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"பேசிக்கிட்டே வா. தனியா இருக்கிறது நல்லால்ல, ஹெஸ்டர்."

அவன் அப்படிப் பேசுகிறவனே இல்லை. ஆனாலும் பேசினேன். என் நாய், போன வாரத்து மழை, அவன் தீய்த்த ஆட்டிறைச்சி... வாய்க்கு வந்ததையெல்லாம்.

விமானம் என் வண்டியைக் கடந்து தாழப் பறந்தது.

சுள்ளென்று வெயில்.

தரையில் நிழல் விழவில்லை...

மேட்டைத் தாண்டியதும் பாராசூட். உப்பிப்போய் இழுத்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கயிறுகளை அறுத்தேன். தொலைநோக்கி தப்பியது.

"முடிஞ்சுது, ராஸ்கோ."

நீண்ட கரகரப்பு.

"அப்ப நான் கிளம்பலாமா, ஹெஸ்டர்?"

"போ. பத்திரமா போ."

ரேடியோ அடங்கியது. வானத்தில் ஒன்றுமில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு ஐம்பது.

இரவு எங்கள் பலூன் நிலையத்துக்குத் திரும்பினேன். தொலைநோக்கியை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எங்கள் தலைவி டோரீன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராஸ்கோவின் விமானம் பகல் ஒரு மணிக்கே விழுந்துவிட்டது. நான் இருந்த இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி. ரேடியோ கருகிப்போயிருந்தது.

"உடனே போயிட்டானா?"

"இல்லம்மா. அந்தக் காயத்தோட நாலு மணி நேரம் எப்படித் தாங்குனான்னு டாக்டருக்கே புரியல. ஹெலிகாப்டர் போய் இறங்குனப்ப அஞ்சு மணி. உயிர் போய்ப் பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும்னார். இன்னும் பத்து நிமிஷம் இருந்திருந்தா காப்பாத்தியிருப்பாங்க."

போகச் சொன்னது நான்தான்.