இரண்டு பேரைக் கொடுத்து ஒருவரை வாங்குவது

மதாம் அந்த அட்டையைச் சாப்பாட்டறை பிரிட்ஜின் கதவில் ஒட்டிய மதியம் எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருக்கிறது. பாண் ரொட்டி உறைகள் வரும் பெட்டியிலிருந்து கிழித்தெடுத்த மட்டை அது. நடுவில் மேலிருந்து கீழாகத் தடித்த கோடு. கோட்டின் இரு பக்கமும் பிரெஞ்சில் ஏதோ தலைப்பு. ஒவ்வொருவராக எழுந்துபோய் ஒரு பக்கத்தில் தங்கள் பெயரை எழுதிவிட்டு வந்து, மற்றப் பக்கம் எழுதியவர்களோடு சத்தம் போட்டார்கள். பேனை கைமாறிக் கைமாறி மூலையில் தனியே இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்தபோது அதை உடனே வாங்காமல் தயங்கினேன். ஏனென்றால் அந்த அட்டையில் என் வேலையின் தலைவிதி எழுதப்படுகிறது என்று நான் நம்பியிருந்தேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி அது. மட்டக்களப்பிலிருந்து கணவர் அழைத்து மொன்ட்ரியாலுக்கு வந்து ஒரு வருடம் நிறையவில்லை. நகரின் லாசால் பகுதியில் பாண் போடும் தொழிற்சாலையொன்றில், வெட்டிய பாண் உறைக்குள் விழுந்து வரும் லைனில் நின்றேன். உறையின் வாய் சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், நசிந்ததை எடுத்துப் போடுவதும்தான் என் வேலை. அந்த லைனுக்குப் பொறுப்பானவரை எல்லோரும் மதாம், அதாவது அம்மணி, என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே இருபத்தாறு வருடம் நின்றவர். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். இரண்டு முழங்காலிலும் இழுபட்டி சுற்றியிருப்பார். படியில் ஒவ்வொன்றாக, வலது காலை முதலில் வைத்து ஏறுவார். ஆனால் லைன் ஓடத் தொடங்கினால் அவர் உடம்பு வேறு. இயந்திரத்தின் சத்தம் ஒரு இழை மாறினாலே திரும்பிப் பார்ப்பார். நான் சேர்ந்த முதல் கிழமை, என் மணிக்கட்டு வீங்கியிருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டு, என்னை அதில் ஏற்றி நிறுத்தினார். அந்த நாலு விரற்கடை உயரத்தில் வலி நின்றது. நான் "மெர்சி" என்று நன்றி சொன்னேன். அன்றைக்கு அவரிடம் சொல்ல என்னிடம் இருந்த முழு வாக்கியமும் அதுதான்.

மாலை வகுப்பில் படித்த பிரெஞ்சில் எனக்கு ஒரு முப்பது நாற்பது சொல் தெரியும். அரைகுறையாகத் தெரிவது ஒன்றும் தெரியாததைவிட ஆபத்து என்பதை அந்த மாசி மாதத்தில்தான் அறிந்தேன். மதாம் அட்டை ஒட்டிய அதே கிழமை அறிவித்தற் பலகையில் ஒரு கடதாசி தொங்கியது. மூன்று லைன்களை இரண்டாக்கப் போகிறார்களாம். அது மட்டும் எல்லோருக்கும் விளங்கியிருந்தது. அதன்பிறகு சாப்பாட்டறையில் நான் கேட்டதெல்லாம் இவைதான்: இரண்டு இளம் ஆட்கள். கொடுத்துவிட வேண்டும். அனுபவம் உள்ள ஒருவரை எடுக்க வேண்டும். முப்பத்துமூன்று வயது. முழங்கால். இல்லை, இளம் ஆட்களை வைத்திருக்க வேண்டும். மேசையில் கை அடிபடும். மதாமின் குரல்தான் எல்லோரையும் விட உயரும், "கொடு, கொடு" என்று. எங்கள் லைனில் புதிதாக வந்த இளம் ஆட்கள் இரண்டே பேர். ஒன்று நான். மற்றது மொன்ட்ரியால்-நோரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒரு ஹெயிட்டிப் பெண். மரப்பலகை கொண்டுவந்து தந்த கைதானா எங்களை வெளியே தள்ளச் சொல்கிறது என்று மதாமையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனை வந்தபோது இரண்டு தலைப்பிலும் எனக்குத் தெரிந்த சொல்லைத் தேடினேன். ஒன்றில் "இளையவர்களை வைத்திரு" என்று இருந்தது. அதன் கீழே, குழந்தைப்பிள்ளை எழுதுவதுபோல, என் பெயரை எழுதினேன். அந்தப் பக்கம் எழுதியிருந்த ஆட்கள் கை தட்டினார்கள். யாரோ என் தோளில் தட்டினார். மதாம் கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னை நீண்ட நேரம் பார்த்தார். ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மிச்சச் சோற்றை நான் மூடி வைத்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் கணவர் பயந்துபோனார். "வடிவா விளங்காம எதிலயும் பேர் எழுதாத எண்டு சொன்னனான்தானே. நாளைக்கு அந்த அண்ணனிட்டக் கேள்" என்றார். அண்ணன் என்று அவர் சொன்னது எங்கள் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டிய யாழ்ப்பாணத்தவரை. பதினைந்து வருடமாக அங்கே இருந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணை. மறுநாள் காலை, பாண் தட்டுகள் அடுக்கிய இடத்தில் அவரை மறித்துக் கேட்டேன்.

"அண்ணை, என்னை எங்க அனுப்பப் போறாங்க? வேற தொழிற்சாலைக்கோ, வீட்டுக்கோ?"

அவர் வண்டியை நிறுத்தினார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரிக்கத் தொடங்கினார்.

"தங்கச்சி, அது பனிக்கட்டியில விளையாடுற ஹொக்கிக் கதை. எங்கட மொன்ட்ரியால் ரீமில பின்னுக்கு நிண்டு மறிக்க ஆளில்லை. வேற ரீமில ஒரு நல்ல மறிப்பாட்டக்காரன் இருக்கிறான், முப்பத்துமூண்டு வயசு. அவனைத் தா எண்டு கேட்டால், உங்கட தெரிவு ரெண்டைத் தாங்கோ எண்டு கேக்கிறாங்கள்."

"தெரிவு எண்டா?"

"ஒவ்வொரு கோடைக்கும் பதினெட்டு வயசுப் பெடியளை வரிசையா நிப்பாட்டி ரீமுகள் ஒண்டு மாறி ஒண்டு தெரிஞ்செடுக்கும். அந்த முறையைத்தான் குடுக்கச் சொல்லிக் கேக்கிறாங்கள். வாற வருசத்து முறை, அதுக்கடுத்த வருசத்து முறை."

"அப்ப அந்தப் பெடியள் யார்?"

"அது இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது."

பயம் தெளிந்தது; குழப்பம் கூடிவிட்டது. பெயர் தெரியாத, இன்னும் எங்கேயோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிற பிள்ளைகளைக் கொடுத்து முழங்கால் தேய்ந்த ஒருவரை வாங்குவது. அதற்காக இத்தனை வளர்ந்த மனிதர்கள் சாப்பாடு ஆறிப்போக அடிபடுவது. அன்று மதியம் நான் போய் அட்டையில் என் பெயரை வெட்டப் பார்த்தேன். மதாம் பேனையை வாங்கிவிட்டார். "எழுதினது எழுதினதுதான். ஆனா காரணம் சொல்லவேணும்" என்றதை அண்ணை எனக்கு மொழிபெயர்த்தார். அறை முழுவதும் என்னைப் பார்த்தது. எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்: "இன்னும் கையில இல்லாததை எப்படிக் குடுக்கிறது?"

அண்ணை அதைப் பிரெஞ்சில் சொன்னதும் என் பக்கத்து ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். மதாம் விட்டுக்கொடுக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு என் முன்னால் இருந்தார். இரண்டு உப்புப் போத்தலையும் ஒரு மிளகுப் போத்தலையும் வைத்து விளக்கினார். ஐந்து வருடத்தில் வரப்போகிறவன் இன்றைக்கு விழும் கோலை மறிக்கமாட்டான். வருவானோ மாட்டானோ அதுவும் தெரியாது. இந்த ஊர்ச் சனம் நாளைக்கு நாளைக்கு என்றே கிழடாகிவிட்டது. பின்னால் ஒருவர் அமைதியாக நின்றால்தான் முன்னால் நிற்கிற இளையவர் பயமில்லாமல் விளையாடுவார். இவ்வளவையும் அண்ணை மொழிபெயர்த்துக் களைத்துப்போனார். "நான் உம்மட பக்கம், ஆனா அவ சொல்லுறதும் பிழையில்லை" என்று கடைசியில் தன் பங்குக்கும் என்னைக் குழப்பினார்.

அன்றிலிருந்து நான் மூலையில் சாப்பிடவில்லை. அந்த இரண்டு கிழமையில் நான் படித்த பிரெஞ்சு மாலை வகுப்பில் ஒரு வருடத்தில் படித்ததைவிட அதிகம். காலையில் என்னைக் கண்டதும் மதாம் இரண்டு விரலைக் காட்டி, பிறகு ஒரு விரலைக் காட்டுவார். நான் இல்லையென்று தலையாட்டுவேன். எனக்கு ஒரு ஆட்டக்காரரின் முகமும் தெரியாது. ஆனாலும் தலையாட்டுவதில் ஒரு சந்தோசம் இருந்தது. என்னிடம் ஒரு கருத்து இருக்கிறது என்று இந்த ஊரில் முதன்முதலாக நினைத்தவர் அவர்தான்.

அணிகள் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்வதற்கான கடைசி நாளில் செய்தி வந்தது. எங்கள் அணி இரண்டு தெரிவுகளையும் கொடுத்து அந்த மனிதரை வாங்கிவிட்டது. மதாம் லைனை நிறுத்தாமலே, இரு கைகளையும் இடுப்பில் வைத்து எங்கள் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவரையும் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். மறுநாள் எல்லோருக்கும் டோனட் கொண்டுவந்தார். சொக்கலேட் போட்ட ஒன்றை எனக்கென்று தனியே எடுத்து வைத்திருந்தார்.

பத்து நாள் போயிருக்கும். அண்ணை லீவு எடுத்திருந்த ஒரு காலை, முகாமையாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உயரமான, மிக வேகமாகக் கதைக்கும் மனிதர். கதிரையைக் காட்டினார். முன்னால் ஒரு கடதாசி இருந்தது. அவர் கதைத்ததில் மதாமின் பெயர் வந்தது. "களைப்பு" வந்தது. "முழங்கால்" வந்தது. "நீ" வந்தது. ஹொக்கிக் கதையில் வந்த சொற்கள்தான் பெரும்பாலும். மூன்று இடத்தில் நிறுத்தி, கேள்வி கேட்கும் முகத்தோடு என்னைப் பார்த்தார். மூன்று இடத்திலும் நான் "உவீ", ஆம், என்றேன். விளங்கவில்லை என்று சொல்ல எனக்குத் தெரியும். அது மாலை வகுப்பின் முதற்பாடம். ஆனால் பிரெஞ்சு தெரியாதவள் என்று தெரிந்தால் லைன் குறைக்கும்போது முதலில் என்னைத்தான் விடுவார்கள் என்ற பயத்தில் அதைச் சொல்லவில்லை. அவர் எழுந்து என் கையைக் குலுக்கினார்.

வெள்ளிக்கிழமை மதாம் வரவில்லை. திங்கட்கிழமை முகாமையாளர் என்னை அழைத்துக்கொண்டுபோய் மதாம் நிற்கும் இடத்தில் நிறுத்தினார். நான் அண்ணையிடம் ஓடினேன். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "தானாப் போனாவோ, அனுப்பினாங்களோ, ஒருத்தரும் சொல்லினமில்லை. உம்மை அவர் என்ன கேட்டவர்?" என்றார். நான் கேட்ட சொற்களைச் சொன்னேன். அவர் தாடையைச் சொறிந்தார். "அது எப்பிடியும் இருக்கலாம் தங்கச்சி. அவவுக்கு ஏலாமல் இருக்குதோ எண்டும் கேட்டிருக்கலாம். அவ போனாப்பிறகு நீர் செய்வீரோ எண்டும் கேட்டிருக்கலாம்." ஹெயிட்டிப் பெண்ணும், முகாமையாளர் என்ன கேட்டார் என்றுதான் கேட்டாள். அவள் கேட்ட விதத்தில், மதாமை அனுப்பியது நீயா என்ற வேறொரு கேள்வியும் இருந்தது. நான் லைனுக்குத் திரும்பிவிட்டேன்.

மறைக்காமல் சொல்கிறேன், நான் அந்த இடத்தை மறுக்கவில்லை. வீட்டில் கணவர் சந்தோசப்பட்டார். எனக்கும் உள்ளே எங்கேயோ சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் மதாமின் உடுப்புப் பெட்டகத்தைத் துப்புரவாக்கியபோது அதற்குள் அவர் பனிச்சப்பாத்தும் ஒரு சோடி புது இழுபட்டியும் இருந்தன. விரும்பிப் போகிறவர் பனிக்காலத்தில் சப்பாத்தை விட்டுவிட்டா போவார் என்று நினைத்தேன். மறந்துபோயும் இருக்கலாம். அவற்றை அலுவலகத்தில் கொடுத்தேன். சாப்பாட்டறையில் மறுபடி ஹொக்கி கதைக்க நாளானது. மதாம் கேட்டு வாங்கிய அந்த மறிப்பாட்டக்காரர் அந்த வசந்தத்தில் கணுக்கால் முறிந்து வெளியே இருந்தார். அணி முதல் சுற்றிலேயே தோற்றுப்போனது. கொடுத்துவிட்ட தெரிவுகளில் வந்த இரண்டு பெடியன்களில் ஒருவன் நன்றாக விளையாடுகிறான் என்றும் மற்றவனைப் பற்றி யாரும் கேள்விப்படவில்லை என்றும் அண்ணை சில வருடம் கழித்துச் சொன்னார். யார் சொன்னது சரி என்று கேட்டேன். "அந்த மனுசன் கால் முறியாமல் இருந்திருந்தால் கேள்வியே வந்திராது" என்றார். அது பதிலா என்று எனக்கு விளங்கவில்லை.

நாலைந்து வருடத்துக்குப் பிறகு நாங்கள் ரொக்ஸ்பரோவுக்கு வீடு மாறினோம். ஒரு மார்கழி மாலை வேலை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தபோது, முன் இருக்கையில் மதாம் இருந்தார். முடி முழுவதும் வெளுத்திருந்தது. மகள் வீட்டுக்குப் போகிறாராம். என் பிரெஞ்சைக் கேட்டு ஆச்சரியப்பட்டார். இரண்டு நிறுத்தம் போகும்வரை பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம். பிறகு நான் சொல்லிவிட்டேன்.

"மதாம், அண்டைக்கு முகாமையாளர் உங்களைப் பற்றி என்னட்ட ஏதோ கேட்டவர். எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. நான் உவீ எண்டு சொல்லிட்டன். மூண்டு தரம்."

மதாம் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் அந்தாளுக்கு அதைத்தான் சொல்லுவினம். நானும் இருபத்தாறு வருசம் அதைத்தான் சொன்னனான்" என்றார். பிறகு என் முழங்காலில் தட்டி, "நானாத்தான் போனனான் பிள்ளை. கால் ஏலாமல் போச்சு. உன்னை வை எண்டு சொன்னதும் நான்தான்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. சப்பாத்தைப் பற்றிக் கேட்க வாய் எடுத்தேன். அவர் இந்த வருடம் அணி யாரைக் கொடுக்கப்போகிறது என்று தொடங்கிவிட்டார்.

ரயிலடியில் மகள் கார் வைத்துக்கொண்டு நின்றார். மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கி, "இவள்தான். என்ர இடத்தில நிக்கிறவள்" என்று சிரித்தபடி அறிமுகப்படுத்தினார். நான் "பொன்ஜூர்" என்று கை நீட்டினேன். மகள் என்னைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். கையுறையைக் கழற்றாமல், கையையும் நீட்டாமல், போய்க் காரின் கதவைத் திறந்தார். பனி கொட்டுகிறது, நடக்க வேண்டாம் என்று மதாம் என்னையும் பின்னால் ஏற்றினார். வழி முழுவதும் மதாம் கதைத்தார், நான் பதில் சொன்னேன், மகள் வீதியையே பார்த்து ஓட்டினார். எங்கள் வீட்டு வாசலில் நான் இறங்கிய பிறகு மதாம் கார்க் கண்ணாடியை இறக்கி, திருப்பத்தில் மறையும்வரை கையை அசைத்துக்கொண்டே போனார். மகள் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. மதாம் பெட்டகத்தில் விட்டுப்போன அந்தப் பனிச்சப்பாத்தை நினைத்தபடி நான் வாசலிலேயே நின்றேன்.