வெள்ளிக்கிழமைத் தாலாட்டு

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஏலக்காய் வாசனை வரும். அது வேணியின் டீக்கடை. பால் கலக்காத டீயில் ஏலக்காயைத் தட்டிப் போட்டு, அது கொதிக்கிறவரை ஹைவேயைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். "இன்னா வேணி, டீயா கஷாயமா?" என்று கேலி செய்துகொண்டே லாரிக்காரர்கள் இரண்டாவது கிளாஸ் கேட்பார்கள். அவள் வீட்டு ரசத்தில் புளி கிடையாது, குவைத்தில் பழகிய காய்ந்த எலுமிச்சைதான். பக்கத்து வீட்டுக்காரியான நான் முதலில் முகத்தைச் சுளித்தேன். இப்போது கிண்ணத்தோடு போய் நிற்கிறேன்.

புருஷன் செத்ததும் மகள் இளவரசியை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, குவைத்தில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனவள் வேணி. அப்போது இளவரசிக்கு மழலைகூட மாறவில்லை. வேணி ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது மகள் திண்டிவனத்தில் காலேஜ் போய்க்கொண்டிருந்தாள். பெற்றவளையே 'வாங்க, போங்க' என்பாள். சோற்றுத் தட்டை நீட்டினால் கையில் வாங்கமாட்டாள், கீழே வைக்கச் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவள் என்ன ஊர் சுற்றவா போனாள்? வேணி மட்டும் கோபப்படமாட்டாள்.

"ஒருவாட்டி மனசார அம்மான்னு கூப்டுச்சின்னா போதும்க்கா" என்பாள்.

போன ஆடியில் இளவரசிக்குக் காய்ச்சல். மத்தியானம் நான் கஞ்சி எடுத்துப் போனேன். வெளியே காற்று புழுதியை வாரிக்கொண்டிருந்தது. உள்ளே ஜன்னல் துணி மெல்ல உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது. வேணி தலைமாட்டில் உட்கார்ந்து மகளைத் தட்டிக்கொடுத்தாள். தட்டத் தட்ட அவள் எங்கோ போய்விட்டாள். வாய் தன்னால் அரபியில் பாட ஆரம்பித்தது. குவைத்து வீட்டுக் குழந்தையைத் தூங்கவைத்த தாலாட்டு அது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் கண் சொக்கியது.

சட்டென்று வேணிக்கு உறைத்தது. சொந்த மகளிடம் போய் இதையா பாடுகிறோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இளவரசி கண்ணைத் திறக்கவில்லை. "ஏம்மா நிறுத்திட்ட? இன்னும் ரெண்டு வரி இருக்குதே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை போன் பண்ணுவியே. அந்தப் பாப்பா அழும், நீ பாடிக்கினே இருப்ப. அத்தை போனை என் காதுல வெச்சுடும். நானும் தூங்கிடுவேன்."

மீதி வரிகளை வேணியால் பாட முடியவில்லை. அம்மாவின் கையை இழுத்துத் தன்மேல் வைத்துத் தட்டிக்கொண்டு, மகள்தான் அவற்றை முனகி முடித்தாள்.